டிலே நேரம்: காலால் தட்டுறதா, முதலே பதிஞ்சு வைக்கிறதா?

உவர்மலை_லீட்:
திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில திறந்தவெளி நிகழ்ச்சி, நான் கிற்றார். ஆறு சுவிச் உள்ள மிடி (கருவிகள் ஒண்டுக்கொண்டு செய்தி அனுப்புற முறை) கால் கொன்ரோலரில இருந்து எச்எக்ஸ் ஸ்டொம்ப் எண்ட எஃபெக்ற் பெட்டிக்குப் போகுது. பாதிப் பாட்டு கீபோர்ட் ரிதம், மிச்சம் ட்றம்ஸ், காதில தாளம் சொல்லுற கிளிக் இல்லை. டொட்டட் எய்த் (முக்கால் பீட்) டிலே, அதாவது எதிரொலி, பாட்டோட ஒட்டி நிக்க வேணும். ரெம்போவை (பாட்டின்ர வேகம்) பாட்டுப் பாட்டாப் பதிஞ்சு வைக்கிறதா, மேடையில தட்டுறதா?

டொக்யாட்_சவுண்ட்:
பதிஞ்சு வையுங்கோ தம்பி. 60,000ஐ பிபிஎம்மால (நிமிசத்துக்கு எத்தனை பீட்) பிரிச்சா ஒரு பீட்டுக்கு எத்தனை மில்லிசெக்கன் எண்டு வரும். 120க்கு 500. டொட்டட் எய்த் அதில முக்கால், 375. கால் இந்தத் துல்லியத்துக்குக் கிட்டவும் வராது. ரெண்டு தரம் தட்டும்போது முதல் தட்டு 20 மில்லிசெக்கன் முந்தி, அடுத்தது 20 பிந்தினா 540 ஆகும், அதாவது 111 பிபிஎம். கீபோர்ட் பாட்டுகளுக்கு மிடி கிளொக் இருக்கு, கீபோர்ட் தன்ர வேகத்தை அனுப்புறது, ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. அதைவிட வேற என்ன வேணும்?

டச்பே_ஸ்ட்ரிங்ஸ்:
கீபோர்ட் பாட்டுக்கு கிளொக் சரி, அதில எனக்கு வாதமில்லை. ட்றம்ஸ் பாட்டுக்கு நீங்கள் சொல்லுறது பிழை, அண்ணை. 120 எண்டு பதிஞ்ச பாட்டை ட்றம்மர் 124இல எடுத்தா டொட்டட் எய்த் 363 ஆக இருக்க வேணும், பெட்டியோ 375இல நிக்கும். முதல் எதிரொலி 12 மில்லிசெக்கன் பிந்தும், நாலாவது 48 பிந்தும். அது காதுக்கு அப்பட்டமாத் தெரியும்.

ரெண்டு தட்டுக் கணக்கும் நியாயமில்லை. சராசரி எடுக்கிற பெட்டியில அஞ்சு தரம் தட்டினா நாலு இடைவெளி, அதே 40 மில்லிசெக்கன் பிழை நாலாப் பிரிஞ்சு 10 ஆகும். நடுவில உள்ள தட்டுகளின்ர பிழை ஒண்டையொண்டு கழிச்சுப் போடும், முதலும் கடைசியும்தான் மிஞ்சும். சராசரி எடுக்குதா எண்டு பார்க்க, மூண்டு தரம் வேகமாவும் கடைசித் தட்டை நல்லாப் பிந்தியும் தட்டுங்கோ. டிலே அந்தக் கடைசி இடைவெளிக்கே பாய்ஞ்சா அது சராசரி எடுக்கேல்லை.

டொக்யாட்_சவுண்ட்:
கணக்குச் சரி. ஆனா கொன்ரோலர் எப்ப செய்தி அனுப்புது எண்டு ஒருத்தரும் பார்க்கிறேல்லை. ஒரே சுவிச்சுக்கு நீண்ட அழுத்தத்தில வேற வேலை குடுத்திருந்தா, அது குறுகின அழுத்தமா நீண்டதா எண்டு தெரிய, கால் எடுக்கும்வரை காத்திருக்கும். ரெம்போத் தட்டுக்கான மிடி செய்தி, சிசி 64, அப்பத்தான் போகும். அழுத்துறது தாளத்தில இருக்கும், கால் தூக்கிறது இருக்காது. தட்டுற சுவிச்சில நீண்ட அழுத்தத்தை முழுசா எடுத்துப் போட்டு, ‘அழுத்தும்போது’ எண்டு வையுங்கோ. லாட்சிங் வகைச் சுவிச்சை (ஒரு அழுத்துக்கு ஒன், அடுத்ததுக்கு ஓஃப்) வெளியால செருகினா இன்னொரு வில்லங்கம்: சில பெட்டி ரெண்டு தட்டுக்கு ஒண்டைத்தான் எண்ணும், டிலே இரட்டிப்பாகும்.

மேடைத் தூரமும் இருக்கு. ட்றம்ஸ் பத்து மீற்றரில எண்டா சத்தம் 29 மில்லிசெக்கன் பிந்தித்தான் வரும். அதைக் கேட்டுத் தட்டினா எப்பிடிச் சரிவரும்?

டச்பே_ஸ்ட்ரிங்ஸ்:
அது வராத பிரச்சினை. எல்லா அடியும் அதே 29 பிந்தி வரும், ரெண்டு அடிக்கு இடைப்பட்ட நேரம் மாறாது. டிலேக்கு பீட் எங்க விழுது எண்டு தெரியத் தேவையில்லை, அது நீங்கள் மீட்டின நேரத்தில இருந்துதான் எண்ணுது. இடைவெளி சரி எண்டா போதும். மீட்டினதைப் பதிஞ்சு திருப்பித் திருப்பி ஓட்டுற லூப்பர் எண்டா கதை வேற.

சுவிச் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. எச்எக்ஸ்ஸில இன்னொண்டு: டிலேயின்ர நேரம் மில்லிசெக்கனில நிண்டா எவ்வளவு தட்டினாலும் அசையாது. அந்த நொப்பை அழுத்தி நோட் அளவுக்கு மாத்த வேணும்.

உப்புவெளி_கீஸ்:
ரெண்டு பேரும் பைலாவை மறந்துட்டீங்கள். 6/8இல கால் தட்டுறது மூண்டு எய்த்துக்கு ஒருக்கா. அந்தத் தட்டு 500 எண்டா ஒரு எய்த் 167, ரெண்டு 333. பெட்டி உங்கட தட்டைக் குவாட்டர் நோட் (ரெண்டு எய்த்) எண்டு நினைச்சு, டொட்டட் எய்த்துக்கு 375 தரும். அது ரெண்டாம் எய்த்துக்கும் மூண்டாவதுக்கும் நடுவில, எங்கயும் ஒட்டாம விழும். தட்டினது பிழை எண்டு திருப்பித் திருப்பித் தட்டுவீங்கள், பிழை தட்டில இல்லை. பைலா பிரிசெற்றில (பெட்டியில பதிஞ்சு வைக்கிற செற்றிங்) குவாட்டர் ட்ரிப்லெட், அதாவது தட்டில மூண்டில ரெண்டு, எடுங்கோ, 333 வரும்.

கிளொக் எடுக்கிறதெண்டா வயரையும் யோசியுங்கோ தம்பி. ஸ்டொம்ப்பில அஞ்சு முள் மிடி இன் ஒண்டுதான். கீபோர்ட்டையும் கொன்ரோலரையும் ரெண்டு முனையை ஒண்டாக்கிற ஒரு வை கேபிளில ஒட்டிச் செருக ஏலாது, ரெண்டு செய்தியும் மோதும். கீபோர்ட் அவுட் கொன்ரோலர் இன்னுக்கு, கொன்ரோலர் அவுட் ஸ்டொம்ப்புக்கு, கொன்ரோலரில மிடி மேர்ஜ் (ரெண்டு பேரின்ர செய்தியையும் ஒண்டாச் சேர்க்கிறது) ஒன். கொன்ரோலரில மிடி இன் இல்லாட்டி தனி மேர்ஜர் பெட்டி வேணும். கீபோர்ட் கிளொக் அனுப்புறதும், ஸ்டொம்ப் அதை எடுக்கிறதும் ஒன்னில இருக்கோ எண்டு ரெண்டு பக்கமும் தனித்தனியாப் பார்க்க வேணும்.

உவர்மலை_லீட்:
நன்றி அக்கா, அந்த வை கேபிளைத்தான் வாங்க இருந்தன். சிசியால நேரடியா டிலே நேரத்தைக் குடுக்க ஏலாதா?

டொக்யாட்_சவுண்ட்:
வேண்டாம். சிசிக்கு 0இல இருந்து 127 வரைதான். 2 செக்கன் வீச்சை அதில பிரிச்சா ஒரு படிக்கு கிட்டத்தட்ட 16 மில்லிசெக்கன். காலால தட்டுறதைவிட மோசம்.

ட்றம்ஸ் பாட்டுக்கு என்ர முடிவு மாறேல்லை. ட்றம்மரின்ர காதில கிளிக் குடுத்தா எல்லாம் தீரும்.

டச்பே_ஸ்ட்ரிங்ஸ்:
கிளிக் பழகாத ட்றம்மருக்கு மேடையில முதல் தரம் கிளிக் குடுத்தா டிலே ஒட்டும், பாட்டு கெடும். அதுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டன்.

தம்பி, ஸ்டொம்ப்பில குளோபல் செற்றிங்ஸில ரெம்போ பிரிசெற்றுக்கா, ஸ்னாப்ஷொட்டுக்கா (ஒரு பிரிசெற்றுக்குள்ள மாத்துற நிலை), எல்லாத்துக்கும் ஒண்டா எண்டு தெரிவு செய்யலாம். பிரிசெற்றுக்கு எண்டு வைச்சு, பதிஞ்ச எண்ணோட தொடங்கி, ட்றம்மர் எண்ணிக்கை குடுக்கும்போதே நாலு தட்டு தட்டுங்கோ. அந்தப் பாட்டுக்குள்ள பிரிசெற்றை மாத்தாதேங்கோ, தட்டினது போயிடும். சத்தமாற்றத்தை ஒரே பிரிசெற்றுக்குள்ள ஸ்னாப்ஷொட்டால செய்யுங்கோ. எதிரொலி ஓடிக்கொண்டிருக்கும்போதும் தட்டாதேங்கோ, நேரம் மாறும்போது சுருதி வழுக்கும்.

உப்புவெளி_கீஸ்:
கடல் காத்து சுவிச்சையும் ஜாக்கையும் அரிக்கும். ஒரு அழுத்துக்கு ரெண்டு செய்தி போனா டிலே திடீரெண்டு சுருங்கும். முதல் நாளே கொன்ரக்ற் கிளீனர் அடிச்சு, இருபது தரம் தட்டி, திரையில எண் குதிக்குதா எண்டு பாருங்கோ. குதிச்சா கொன்ரோலரில டீபவுன்ஸ் நேரத்தை (ஒரு அழுத்துக்குப் பிறகு அடுத்ததைக் கணக்கெடுக்காத நேரம்) கூட்டலாம், ஆனா அது தற்காலிகம்தான், சுவிச்சை மாத்துங்கோ.