தாத்தாவின் ரேஸரும் என் கழுத்தும்: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் சேஃப்டி ரேஸர் கிடைத்தது. கனமான பித்தளை. கைப்பிடியைத் திருகினால் மூன்று துண்டாகக் கழன்று வரும். இதற்கான இருபக்க பிளேடு இன்றும் பெட்டிக்கடையில் கிடைப்பதால், சரி, பழகிப் பார்ப்போம் என்று இறங்கிவிட்டேன்.

இரண்டு வாரம் ஆகிறது. கன்னத்தில் பிரச்சினையே இல்லை. பிளேடு சுமார் 30 டிகிரி சாய்வில் படவேண்டும், அழுத்தக் கூடாது, ரேஸரின் எடையே போதும் என்று படித்தேன். ஆனால் பத்து வருடமாக கார்ட்ரிட்ஜ் ரேஸரை அழுத்தி இழுத்த கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தாடைக்குக் கீழே, குரல்வளையை ஒட்டித்தான் தகராறு. அங்கே எனக்கு முடி கீழ்நோக்கி வளராமல் காதுப்பக்கம் சாய்ந்து வளர்கிறது. தினமும் இரண்டு மூன்று ரத்தப்புள்ளி. படிகாரம் தேய்த்தால் நின்றுவிடுகிறது, ஆனால் அந்த எரிச்சல் இருக்கிறதே! "பூனை பிறாண்டிச்சா?" என்று மகள் வேறு கேட்கிறாள்.

அனுபவசாலிகள் சொல்லுங்கள்: கழுத்தில் முடி போகும் திசையிலேயே பக்கவாட்டில் மழிப்பீர்களா? தோலை எந்தப் பக்கம் இழுத்துப் பிடிப்பீர்கள்? ஒரு பிளேடை எத்தனை முறை பயன்படுத்தலாம்? நான் ஐந்தாவது முறையும் அதையே ஓட்டுகிறேன், ஒருவேளை கோளாறு அதில்தானோ? அப்புறம், நுரைக்கு பிரஷ் அவசியமா, கையால் தேய்த்தால் போதுமா?

பழைய பிளேடுகளை இப்போதைக்கு ஒரு தகர டப்பாவில் போட்டு வைக்கிறேன். குப்பை எடுக்க வருபவர் கையைக் கிழிக்காமல் அதை எப்படி அப்புறப்படுத்துவது என்றும் சொன்னால் நல்லது.