ஐஎஸ்டிஎன் (போனும் நெட்டும் ஒரே வயர்ல டிஜிட்டலா போன பழைய போன் லைன்) வச்சிருந்தவங்க வாங்க, தானா டயல் ஆன கதையெல்லாம் கொட்டுங்க

மதுரைக்காரன்:
பிரவுசிங் சென்டர் நடத்துனப்போ 56கே மோடத்துல இருந்து ஐஎஸ்டிஎன்னுக்கு மாறினோம். ஐஎஸ்டிஎன் மோடம்னு சொல்றதெல்லாம் பழக்கதோஷம்தான், எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் டிஜிட்டலாவே போறதால டேட்டாவை ஒலியா மாத்துற வேலையே அதுக்குக் கிடையாது, அதனால பழைய மோடம் அரை நிமிஷம் கத்தித் தீர்க்கிற இடத்துல இது ஒண்ணு ரெண்டு செகண்ட்ல சத்தமே இல்லாம கனெக்ட் ஆயிடும், முதல் நாள் வந்த பசங்க கனெக்ட் ஆனதையே நம்பல. அதே ஒரு ஜோடி செப்பு வயர்தான், அதுல 64 கேபிஎஸ் சேனல் 2, சிக்னலுக்குன்னு தனியா 16 கேபிஎஸ் டி சேனல். ரெண்டையும் சேத்தா 128. விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன்ல இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங்னு ஒண்ணு இருந்துச்சே, அதைப் போட்டு எல்லா சிஸ்டத்துக்கும் பிரிச்சு விட்டோம்.

ஆனா ரெண்டு சேனல்னா ரெண்டு போன் கால். மீட்டரும் ரெட்டையா ஓடும். அதனால சாயங்காலம் கூட்டம் வந்தாதான் ரெண்டாவது சேனலைத் திறக்குறது. அந்த நேரம் பாத்து யாராவது கடைக்கு போன் பண்ணா ஐஎஸ்டிஎன் அடாப்டர் ஒரு சேனலை விட்டுக்கொடுத்து மணியடிக்கும், ஸ்பீடு பாதியாயிடும், "என்னண்ணே திடீர்னு இழுக்குது"ன்னு கேபின்ல இருந்து குரல் வரும். கரண்ட் போனா போனும் சேந்து செத்துடும், அதுக்காகவே லைன் வந்து முடியுற, சுவத்துல மாட்டின என்டி பாக்ஸையும் யுபிஎஸ்ல கோத்து வச்சிருந்தோம். உங்க கதையச் சொல்லுங்கப்பா.

பேங்க் நெட்வொர்க் பாத்தவன்:
அண்ணே நான் வேலைக்குச் சேந்தப்போ ப்ராஞ்ச்சுக்கு லீஸ்டு லைன் (எப்பவும் கனெக்ட் ஆகியே இருக்கிற வாடகை லைன்), அது படுத்தா ஐஎஸ்டிஎன் பேக்கப், இதுதான் எங்க பொழப்பே. சிஸ்கோ ரவுட்டர்ல ஸ்விட்ச் டைப், அதாவது எக்ஸ்சேஞ்ச் வகை, பேசிக்-நெட்3னு போடணும், நெட்ல கிடைக்கிற அமெரிக்கா கான்ஃபிகை அப்படியே காப்பி அடிச்சு ஸ்பிட் நம்பர் (அங்க போன் கம்பெனி ஐஎஸ்டிஎன் லைனுக்குக் குடுக்கிற அடையாள நம்பர்) எங்கன்னு தேடுற பசங்க இருந்தாங்க, நம்ம ஊர்ல அது கிடையவே கிடையாது. இன்னொரு கூத்து, கேபிள் நுனி லேன் கேபிள் மாதிரியே ஆர்ஜே45, ப்ராஞ்ச்ல யாராவது பெருக்கித் துடைக்கும்போது கழண்டா திரும்ப நேரா லேன் ஸ்விட்ச்ல சொருகி வச்சிடுவாங்க. ஐஎஸ்டிஎன்ல 3,4,5,6 பின்னு, லேன்ல 1,2,3,6, எங்க இருந்து லைட் எரியும்.

பெரிய தலைவலி பில்லுதான். லீஸ்டு லைன் நல்லாத்தான் இருக்கும், ஆனா ஐஎஸ்டிஎன் ராத்திரி பூரா டயல் ஆகிக் கிடக்கும். யாரு டயல் பண்ணான்னு ரவுட்டர்ல டீபக் போட்டுப் பாத்தா ப்ராஞ்ச்ல ஆஃப் பண்ணாம விட்ட விண்டோஸ் மெஷின் ஒண்ணு நெட்பயாஸ்ல 137 போர்ட்டுல ஹெட் ஆபீஸ் சர்வரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், இல்லேன்னா ரவுட்டருங்க ஒண்ணுக்கொண்ணு அனுப்பிக்கிற ஓஎஸ்பிஎஃப் ஹலோ பாக்கெட்டு. எதைப் பாத்தா டயல் பண்ணணும்னு டயலர் லிஸ்ட்ல நாமதான் சொல்லணும், அதுல எல்லா ஐபியையும் பெர்மிட்னு விட்டா அவ்ளோதான். நம்ம லிஸ்ட்ல இல்லாத டிராஃபிக்கும் லைன் மேல இருந்தா கூடவே போகும், ஆனா லைன் சும்மா கிடக்கிற நேரத்தை எண்ணுற ஐடில் டைமரை ரீசெட் பண்ணாது, டீஃபால்ட் 120 செகண்ட் முடிஞ்சதும் கட்டாயிடும். இது புரியாமலே கான்ஃபிக் பண்றவங்க அப்பவும் நிறைய. லீஸ்டு லைன் விட்டு விட்டு ஆடுற ஊருக்கு பேக்கப் டிலேவும் (கொஞ்சம் பொறுத்துப் பாத்து டயல் பண்ணுன்னு) போட்டே ஆகணும், இல்லேன்னா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கால்.

டோர்ட்முண்ட்:
எனக்கு ஜெர்மனிக் கதைதான் தெரியும். இஞ்ச 90களின்ர கடைசியில கன வீடுகளில ஐஎஸ்டிஎன்தான், சுவரில லைன் வந்து முடியிற என்டிபிஏ எண்டு ஒரு வெள்ளைப் பெட்டி, ஒரு லைனுக்கு 3 நம்பர், வேணுமெண்டா 10 வரைக்கும் தருவாங்கள். அப்பாவுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு, ஃபக்ஸுக்கு ஒண்டு. எங்கட சனத்துக்கு இது பெரிய உபகாரம், அம்மா ஒரு சேனலில ஊருக்குக் கோல் எடுத்துக் கதைச்சுக்கொண்டிருக்க நான் மற்றச் சேனலில இன்டர்நெட்டில இருப்பன், சண்டையே இல்லை. 1998 ஜனவரி 1க்குப் பிறகு டெலிகொம் சந்தையைத் திறந்துவிட, 010ல துவங்கிற கோட் ஒண்டை முன்னுக்கு அடிச்சா வேற கொம்பனி மலிவா எடுத்துத் தரும், எது மலிவெண்டு பேப்பரில வெட்டி போனுக்குப் பக்கத்தில ஒட்டி வைக்கிறது.

கொம்பியூட்டருக்குள்ள ஏவிஎம் ஃபிரிட்ஸ் கார்ட் எண்ட ஐஎஸ்டிஎன் கார்ட். தானா டயல் பண்ணின கதை கேட்டனீங்கள், இருக்கு. டயலர் எண்டு ஒரு சனியன் வந்தது, எதையோ டவுன்லோட் பண்ண அது சத்தமில்லாமல் காசு கூடின 0190 நம்பருக்கு டயல் பண்ணும், பில் வரேக்க தான் தெரியும். டயலே பண்ணாத டிஎஸ்எல் பிராட்பேண்டுக்கு மாறின ஆக்கள் தப்பிச்சம் எண்டு நினைச்சவை, ஆனா சொந்தக்காரர் ஒராள் ஃபக்ஸ் அனுப்பவெண்டு பழைய கார்டைக் கழட்டாமல் வயரோடயே விட்டிருந்தவர், அந்த வழியால டயல் ஆகிக் காசு போயிட்டுது. மோடம் எண்டாலாவது கீச்செண்டு கத்திக் காட்டிக் குடுக்கும்.

மதுரைக்காரன்:
ஆத்தி, அந்த சத்தத்துக்கு இப்படி ஒரு உபயோகமா.

விசி ரூம் ஆளு:
எங்களுக்கு வீடியோ கான்ஃபரன்ஸ். 384 கேபிஎஸ் வேணும்னா 3 லைன், 6 சேனல். டயல் பண்ணா ஸ்க்ரீன்ல ஒவ்வொரு சேனலா ஏறுறத எல்லாரும் வாயப் பொத்திப் பாத்துக்கிட்டு இருப்போம், ஆறுல ஒண்ணு ஏறலைன்னா பாதி நேரம் மொத்தத்தையும் கட் பண்ணி முதல்ல இருந்து. வெளிநாட்டு கால்னா ஆறும் தனித்தனி ஐஎஸ்டி கால், மேனேஜர் மூஞ்சியப் பாக்கணுமே. மீட்டிங்ல குசலம் விசாரிக்கிறதே நின்னு போச்சு.

பேங்க் நெட்வொர்க் பாத்தவன்:
டோர்ட்முண்ட் அண்ணே, அங்க ஐஎஸ்டிஎன்ன எடுத்துட்டு எல்லாம் ஐபின்னு ஆக்கிட்டாங்கள்ல, அந்தப் பழைய போனெல்லாம் என்ன பண்ணீங்க?

டோர்ட்முண்ட்:
எறியேல்ல தம்பி. ஃபிரிட்ஸ் பொக்ஸ் ரவுட்டர் சிலதில ஐஎஸ்டிஎன் போன் கொழுவிற எஸ்0 போர்ட் இருக்கு, அதில கொழுவினா பழைய ஐஎஸ்டிஎன் போன் அப்பிடியே வேலை செய்யும். 3 நம்பரும் அப்பிடியேதான்.