அப்டேட்: அந்த கட்டானா வாள், கோடு ஒரிஜினல்தான்

ஷோகேஸுக்கு வாங்கின கட்டானாவோட (ஜப்பான் பாணி வாள்) வெட்டு ஓரத்துல ஓடற அலை மாதிரி வெள்ளைக் கோடு, அதான் ஹாமோன், நெஜமா இல்ல ஆசிட்ல வரைஞ்சதான்னு போன தடவ கேட்டிருந்தேன்ல. நீங்க சொன்ன மாதிரியே பிடியில இருக்கற மூங்கில் ஆணிய தட்டி எடுத்துட்டு கழட்டிப் பார்த்தாச்சு. உள்ள இரும்பு பிடியோட முக்கால்வாசி நீளத்துக்குப் போகுது, வெல்டிங் எதுவும் இல்ல, நிம்மதி.

லைட்ட சாய்ச்சுப் புடிச்சா கோட்டுல பொடிப்பொடியா மின்னுது, ஆசிட் வேலைன்னா ஒரே மட்டமா வெளுத்துக் கெடக்கும். முதுகுப் பக்கம் களிமண் தடிப்பா, ஓரத்துல மெல்லிசாப் பூசி, காய்ச்சித் தண்ணியில முக்கும்போது ஓரம் சட்டுன்னு குளிர்ந்து கடினமாயிடுது, முதுகு மெதுவா ஆறுது, அந்த எல்லைதான் கோடாத் தெரியறது, வாள் வளையறதும் பெரும்பாலும் அதுலதான்.

ஆனா இது ஜப்பான்ல செஞ்ச வாள் இல்லங்க, சீனாவுல லோங்சுவான்ங்கற ஊர்ல செஞ்சது. ஜப்பான்ல லைசென்ஸ் வாங்கின கொல்லர் மாசத்துக்கு ரெண்டு நீள வாள்தான் அடிக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் பதிவுப் பேப்பர் உண்டு, என் பட்ஜெட்டுக்கு அதெல்லாம் கனவு. வித்தவர் "ஜப்பான் கைவேலை"ன்னு போட்டதுதான் கடுப்பு. ஆணி கொஞ்சம் லூசு, புதுசா மூங்கில் செதுக்கணும், அதுவரைக்கும் யாரும் வீசிப் பாக்கக் கூடாதுன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்.