மறு: ரேஞ்ச்ஃபைண்டருக்குத் தமிழ் – முதலில் ‘ரேஞ்ச்’சைப் பிரிப்போம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வேட்டைக்காரர்கள் கண்ணில் வைத்துத் தூரம் அளக்கும் ‘லேசர் ரேஞ்ச்ஃபைண்டர்’ கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். லேசரைச் ‘சீரொளி’ என்பதா, லேசர் என்றே விடுவதா என்பதிலேயே பாதி மடல்கள் போய்விட்டன. லேசர் லேசராகவே இருக்கட்டும் என்பது என் கருத்து. கருவிக்கு ‘லேசர் தூரமானி’, பேச்சில் வெறும் தூரமானி. வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் சரியாகப் பொருந்துகிறது. இங்கே தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் ஆப்பிரிக்கான்ஸ் பேசுகிறவர்கள் ‘அஃப்ஸ்டாண்ட்மீட்டர்’ என்பார்கள், அதுவும் தூரமானிதான். டர்பன் அண்ணன் சொன்ன ‘தொலைமானி’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அளவுகளைத் தொலைவிலிருந்து அனுப்பிப் பெறும் டெலிமெட்ரியைத் தொலையளவியல் என்று எழுதிவருகிறோம், இரண்டும் முட்டிக்கொள்ளும். ‘வீச்சறிவான்’ வேண்டவே வேண்டாம். வீச்சு, அதாவது குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது, துப்பாக்கிக்கு உரியது; அதைப் பற்றி இந்தக் கருவிக்கு ஒன்றும் தெரியாது.

நமக்கு உண்மையில் சொல் தேவைப்படுவது ‘ரேஞ்ச்’ என்பதற்கு. ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. வேட்டைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் ஏமாறுவதும் அங்கேதான்.

பெட்டியின் மேல் 1000 மீட்டர் என்று போட்டிருக்கும். அது ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும் பலகையை அளந்த கணக்கு. மரத்துக்கு அது குறையும், மானுக்கு இன்னும் குறையும். மான் தோல் ஒளியைச் சிதறடிக்கும், உறிஞ்சும். மலிவான கருவியில் மானுக்குப் பாதி கிடைத்தாலே நல்லது. நடுப்பகல் வெயிலில் அதுவும் தேயும். ஆகவே கருவிக்கு எட்டும் தூரத்துக்கு ‘எட்டுதூரம்’ என்று ஒரு சொல் வைப்போம். அதையும் பலகை எட்டு, மர எட்டு, மான் எட்டு என்று பிரிப்போம். கடைக்காரரிடம் “மான் எட்டு எவ்வளவு?” என்று கேட்கிற பையன் ஏமாறமாட்டான்.

தூரம் அளப்பதில் தென்னாப்பிரிக்காவுக்குப் பெருமைப்பட ஒன்று உண்டு. நுண்ணலையால் தூரம் அளக்கும் டெலூரோமீட்டரை 1950களில் இங்கேதான், அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தில், டிரெவர் வாட்லி உருவாக்கினார். நில அளவைக்காரர்கள் அதைக் கொண்டு பல கிலோமீட்டரைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்தார்கள். ஆனால் அதற்கு மறுமுனையில் இன்னொரு கருவியும் அதை இயக்க ஒரு ஆளும் வேண்டும். நம் தூரமானிக்கு மறுமுனையில் துணை கிடையாது. ஒரு துடிப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வர எத்தனை நேரம் என்று எண்ணுகிறது, அவ்வளவுதான். ஒரு மீட்டர் போய்வர ஒளிக்கு ஏழு நானோநொடிகூட ஆகாது. அதை எண்ணித்தான் ஒரு மீட்டர் முன்பின்னாகச் சொல்கிறது. எந்தப் பொருள் ஒளியைத் திருப்பியதோ அதன் தூரத்தைத்தான் சொல்லும். நாம் எதைப் பார்த்தோம் என்பது அதற்குத் தெரியாது.

கரூ வறள்நிலத்தில் இதை நேராகப் பார்க்கலாம். புதர்களுக்கு அப்பால் ஒரு ஸ்பிரிங்பாக் மான் பக்கவாட்டில் நிற்கிறது. தோள்மேல் குறிவட்டத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினால் 312. மறுபடி 312. கை சற்று அசைந்ததும் 388. அது பின்னால் இருக்கும் சரிவு. முன்னால் உலர்ந்த புல் குறுக்கிட்டால் 90. டார்ச் வெளிச்சம் போலக் கதிரும் போகப்போக விரிகிறது. விரிவு 1.5 மில்லிரேடியன் (ஆயிரம் மீட்டருக்கு ஒன்றரை மீட்டர்) என்றால் 400 மீட்டரில் ஒளிப்பொட்டு 60 சென்டிமீட்டர் அகலம். அந்த மானின் நெஞ்சுக்கூட்டைவிட அது பெரிது. எனவே ‘கதிர் விரிவு’ நம் சொற்பட்டியலில் கட்டாயம் வேண்டும். கருவியில் இரண்டு முறைகள் உண்டு: முதலில் திரும்பும் ஒளியை, அதாவது அருகில் உள்ள பொருளை எடுப்பதை ‘முன்னெதிரொளி’ என்றும், கடைசியில் திரும்பும் ஒளியை, அதாவது தொலைவில் உள்ளதை எடுப்பதைப் ‘பின்னெதிரொளி’ என்றும் வைக்கலாம். புல்லுக்குப் பின்னால் நிற்கும் மானுக்கு இரண்டாவதுதான் உதவும். கருவியைக் கைத்தடியில் ஊன்றிக்கொண்டு, மானுக்குப் பக்கத்தில் இருக்கும் கரையான் புற்றையும் ஒருமுறை அளந்து ஒப்பிடுவது நல்ல பழக்கம்.

312க்கும் 388க்கும் உள்ள இந்த 76 மீட்டர் வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. சாதாரண .308 வேட்டைத் துப்பாக்கியில் 400 மீட்டர் தூரத்தை 30 மீட்டர் தப்பாகக் கணித்தாலே குண்டு அரைச் சாணுக்கும் அதிகமாக மேலோ கீழோ போய்விடும். வயிற்றிலோ காலிலோ பட்ட மான் ஓடி, இருட்டில் எங்கோ கிடந்து சாகும். நான் இந்தச் சொற்களுக்காக இவ்வளவு வாதாடுவது அதனால்தான்.

அப்புறம், சரிவு. டிராகன்ஸ்பெர்க் மலை அடிவாரத்தில் மேலிருந்து கீழே பார்த்துச் சுடும்போது கருவி அளப்பது ‘சாய்தூரம்’. குண்டின் தாழ்வு, அதாவது போகும் வழியில் அது கீழே இறங்கும் அளவு, பெரும்பாலும் கிடைமட்டமாக அளக்கும் ‘கிடைத்தூர’த்தைப் பொறுத்தது. 30 பாகைச் சரிவில் சாய்தூரம் 300 மீட்டர் என்றால் கிடைத்தூரம் 260. கோணம் அளக்கும் கருவிகள் இதைத் தாமே கணக்கிட்டுக் காட்டும். திரையில் தெரிவது இரண்டில் எது என்று பார்க்காமல் சுடக்கூடாது.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான சொல்: ‘சுடுதூரம்’. காற்று, மூச்சு, கை நடுக்கம், துப்பாக்கி எல்லாம் சேர்ந்து, இந்த ஆள் இந்த மானை ஒரே குண்டில் நோகாமல் சாய்க்கக்கூடிய தூரம். தூரமானி 900 வரை காட்டலாம். ஒருவருடைய சுடுதூரம் 200ஆக இருக்கலாம். கருவி வாங்கினால் எட்டுதூரம்தான் கூடும். சுடுதூரம் பயிற்சியில்தான் கூடும். காற்று எவ்வளவு தள்ளும் என்பதையும் தூரமானி சொல்லாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா, ‘சுடுதூரம்’ என்றால் துப்பாக்கியின் வீச்சு என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நியாயமான கவலை. வீச்சை வீச்சு என்றே பிரித்து வைத்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன். இன்னும் பிடி கொடுக்காதது ‘பாலிஸ்டிக் ரேஞ்ச்’தான். சாய்வையும் குண்டின் தாழ்வையும் கணக்கில் சேர்த்துக் கருவி காட்டும் அந்த எண்ணுக்கு ‘ஈடுதூரம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் முழுதாக ஒப்பவில்லை. வேறு சொல் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.