அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கையால் அழைப்பு அட்டையும் நினைவேடும்: ஆலோசனை வேண்டும்

கேட்பவர்: குடந்தை மகள்

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஆவணியில் என் அப்பாவுக்கு அறுபது வயது நிறைகிறது. அவர் 1966-இல், பராபவ வருஷத்து ஆவணியில் பிறந்தவர். அறுபது வருஷச் சுற்று முடிந்து, இந்த 2026 சித்திரையில் அதே பராபவ வருஷம் மீண்டும் பிறந்திருக்கிறது. திருக்கடையூரில் சடங்கையும், மறுநாள் கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலேயே விருந்தையும் வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம்.

பொது அழைப்பிதழை அச்சகத்தில் கொடுத்துவிட்டோம். அதற்கு மேல் மூன்று பொருள்களைக் கையாலேயே செய்ய வேண்டும் என்பது என் ஆசை. நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டிய பெரியவர்களுக்கு 40 அழைப்பு அட்டைகள். விருந்து முடிந்து புறப்படுகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பைகளில் அவரவர் பெயரெழுதிக் கட்டுவதற்கு 120 சீட்டுகள். அப்பாவின் வாழ்க்கையைப் படங்களாகவும் குறிப்புகளாகவும் ஒட்டிவைத்த ஒரு நினைவேடு. வருஷத்துக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் நினைவேட்டுக்கு அறுபது பக்கம் வைக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கத்தை மாதிரிக்குச் செய்துபார்த்தேன். வண்ண அட்டையில் ஃபெவிகால் தடவி ஒரு படத்தின் நகலை ஒட்டி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் பக்கம் பொரித்த அப்பளம்போல் வளைந்து கிடக்கிறது, படத்தின் நடுவே மூன்று நான்கு கொப்புளங்கள். ஜெல் பேனாவால் படத்தின் ஓரத்தில் எழுதியிருந்த ‘1974’ பாதி படத்திலும் பாதி என் மகளின் கட்டைவிரலிலும் இருந்தது. அழைப்புக்காக ஓர் ஏ4 அட்டையைப் பாதியாக மடித்ததிலும் மடிப்பு நெடுக வண்ணம் வெடித்து வெள்ளை தெரிகிறது.

இவற்றைவிடப் பெரிய கவலை பழைய படங்கள். தாத்தா சேர்த்துவைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் கறுப்புத்தாள் ஆல்பத்தில், மூலை செருகி, நடுநடுவே பட்டர் தாள் வைத்து நன்றாகவே இருக்கின்றன. ஆனால் 1992-இல் நடந்த பெற்றோரின் திருமணப் படங்கள், மேலே பிளாஸ்டிக் மூடிய பசை ஆல்பத்தில் அப்பிக்கொண்டு வர மறுக்கின்றன. நிறமும் சிவந்து போயிருக்கிறது. அவற்றை எடுக்க வழி உண்டா? மூன்று மாதத்துக்கும் குறைவான அவகாசமே இருக்கிறது.

பதில் 1: பசைக்கிண்ணம்

சகோதரிக்கு வணக்கம். என் தகப்பனார் புத்தகம் கட்டும் தொழில் செய்தவர். பள்ளிவிட்டு வந்ததும் மயில்துத்தம் போட்ட மைதாப் பசையைக் கட்டி தட்டாமல் கிண்டுவதுதான் எனக்கு வேலை. மயில்துத்தம் சேர்ப்பது இராமபாணப் பூச்சி அரிக்காமல் இருப்பதற்காக. வீட்டில் குழந்தை இருப்பதால் நீங்கள் அந்த வழிக்குப் போக வேண்டாம்.

உங்கள் பக்கம் அப்பளமானதற்குக் காரணம் ஃபெவிகாலில் இருக்கும் தண்ணீர். தாளின் இழைகள் ஈரம் பட்டால் நீளத்தில் அதிகம் வளர்வதில்லை, அகலத்தில்தான் ஊதுகின்றன. ஒரு முகம் மட்டும் ஊதிக் காயும்போது அட்டை வளைந்தே தீரும். ஆகவே படங்களுக்கு இரட்டைப் பக்க ஒட்டுநாடாவையோ மூலைச் செருகலையோ பயன்படுத்துங்கள். பெரிய தாளைப் பரவலாக ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால், பசையைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, பின்பக்கமும் அதே அளவுத் தாளை ஒட்டி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து ஓர் இரவு முழுக்க அம்மிக்கல்லையோ அரிசி டின்னையோ ஏற்றிவையுங்கள். இரு பக்கமும் சமமாக இழுத்தால் வளைய இடமில்லை.

மடிப்பு வெடித்ததும் அதே இழையினால்தான். பெரும்பாலான ஏ4 தாள்களில் இழை நீளவாக்கில் ஓடும். நீங்கள் நீளத்தைப் பாதியாக்கி மடித்ததால் இழையைக் குறுக்கே முறித்திருக்கிறீர்கள். ஐயமிருந்தால் அட்டையை இரண்டு வாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, இழை அந்த வளைவின் கோட்டோடுதான் ஓடுகிறது. மடிப்பதற்கு முன் இரும்பு ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரே அழுத்தில் கோடு இழுக்க வேண்டும். பள்ளம் வெளிப்பக்கமும் மேடு உட்பக்கமும் வரும்படி மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். மேற்பூச்சில் மட்டும் வண்ணமுள்ள அட்டையைத் தவிர்த்து, கிழித்துப் பார்த்தால் உள்ளும் அதே நிறமாக இருக்கும் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். சென்னைப் பக்கம் வருகிறவர்கள் யாராவது இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் எடை வாரியாகவே பார்த்து எடுக்கலாம்.

அறுபது பக்கம் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) எடையுள்ள அட்டை ஒன்று ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். முப்பது அட்டைக்கு 9 மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் படம் ஒட்டினால் இன்னும் 15 மில்லிமீட்டர் கூடும். அந்தக் கூடுதல் முழுவதும் வெளி ஓரத்தில் இருக்கும், முதுகில் இருக்காது. புத்தகம் முதலைபோல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பக்கத்தை நாற்பதுக்குள் குறைத்து, முதுகுப் பக்கம் ஒவ்வோர் அட்டைக்கு நடுவிலும் அதே அட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய இரண்டு பட்டைகளை இடைச்செருகலாக வையுங்கள்; முதுகும் ஓரமும் சமமாகிவிடும். தைக்காமல் இரண்டு துளையிட்டுத் திருகாணி போட்டால், பின்னால் வரும் பேரப்பிள்ளைகளின் பக்கங்களையும் கழற்றிச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லா வருஷத்துக்கும் படம் கிடைக்காது என்பதை ஆல்பத்தைப் புரட்டும்போது நீங்களே காண்பீர்கள். எங்கள் வீட்டில் 1970-க்கும் 1978-க்கும் இடையே ஒரே ஒரு படந்தான், அதுவும் ரேஷன் அட்டைக்காக எடுத்தது.

பதில் 2: சீர்த்தட்டு

அன்புள்ள மகளுக்கு, சென்ற வருஷம் என் மகளின் வளைகாப்புக்குச் சீட்டு கட்டிக் கை காய்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். தாம்பூலப் பைச் சீட்டில் விருந்தினர் பெயரை எழுதவே எழுதாதீர்கள். நான் எழுதினேன். வாசலில் நூற்றுச் சொச்சம் பைக்குள் ‘வடக்கு வீதிப் பெரியம்மா’ பையைத் தேடிக்கொண்டு நின்றதில், பின்னால் வந்தவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பதினெட்டுப் பை மிஞ்சி மறுநாள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சீட்டின் ஒரு பக்கம் ஒரு சின்னப் புள்ளிக்கோலமும், மறுபக்கம் அப்பா அம்மா பெயரும் நாளும் போதும். 5 செ.மீ. அகலம், 9 செ.மீ. நீளம் என்று வெட்டினால் ஓர் ஏ4 அட்டையில் பன்னிரண்டு சீட்டு வரும். பத்து அட்டையில் 120 முடிந்துவிடும், கெட்டுப்போவதற்கு இரண்டு அட்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். துளையை மேல் விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழே போட்டால்தான் தேங்காய்க் கனத்தில் பை ஆடும்போது கிழியாது. சணல் நூல் இப்போது எல்லாரும் கட்டுகிறார்கள். எனக்கென்னவோ மஞ்சள் தடவிய பருத்தி நூல்தான் நம் விசேஷத்துக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

பெயரை எழுத வேண்டிய இடம் அந்த நாற்பது அழைப்பு அட்டைகள்தாம். ஏ4 அட்டையை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் 105-க்கு 148 மி.மீ. அளவில் அட்டை வரும். அந்த மடிப்பு மேலே ஐயா சொன்ன இழையோடேயே போகும், வெடிக்காது. 114-க்கு 162 மி.மீ. உறை கடையில் ஆயத்தமாகவே கிடைக்கிறது. இருபது அட்டை போதும் என்றாலும் இருபத்தைந்து வாங்குங்கள். காவி நிற அட்டையில் வெள்ளை ஜெல் பேனாவால் சிக்குக்கோலம் போட்டுப் பாருங்கள்; செம்மண் இட்ட வாசல்போலவே இருக்கும். உள்ளே ‘நிகழும் மங்களகரமான பராபவ வருஷம்’ என்று தொடங்கும் வாசகத்தை அச்சிட்டு ஒட்டிக்கொண்டாலும், ‘சின்ன அத்தைக்கும் அத்திம்பேருக்கும்’ என்ற முதல் வரியை உங்கள் அம்மாவின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களாக இருப்பார்கள். பொங்கல் வாழ்த்து அட்டை வாங்கித் தபால்தலை ஒட்டி அனுப்பிய தலைமுறை அது. அவர்கள் அட்டையைத் தூக்கிப் போடுவதில்லை.

மூலைகளுக்கு மஞ்சள் தடவும்போது ஒரு கவனம் தேவை. மை நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீர் குறைத்துக் குழைத்த மஞ்சளை விரல் நுனியால் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் மஞ்சள் வெளுத்துவிடும். வெற்றிலை போடுகிற யாரையும் அந்த வேலைக்கு உட்கார்த்தாதீர்கள். விரலில் சுண்ணாம்பு இருந்தால் மஞ்சள் தொட்ட இடமெல்லாம் ஆரத்தித் தட்டுபோல் சிவந்து நிற்கும். எங்கள் வீட்டில் ஏழு அட்டை அப்படிப் போயிற்று.

பதில் 3: கறுப்புவெள்ளை

வணக்கம். படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பசை ஆல்பத்திலிருந்து எதையும் எடுப்பதற்கு முன்னால், பிளாஸ்டிக்கை மட்டும் மெல்ல உரித்து, படம் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நிலையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்தால் பிறகு பெரிதாக்கவும் முடியும். அதன்பின் மெழுகு தடவாத பல் இடுக்கு நூலை, இல்லையென்றால் உறுதியான தையல் நூலை, இரு கையாலும் இறுக்கிப் பிடித்துப் படத்தின் மூலைக்கடியில் நுழைத்து, அறுப்பதுபோல் முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டே கீழே வாருங்கள். நகர வேண்டியது நூல்தான். படத்தை நகத்தால் நிமிர்த்தினால் மேற்பரப்பில் விழும் வெடிப்பை எந்த மென்பொருளாலும் காகிதத்திலிருந்து நீக்க முடியாது. பாதியில் நூல் நின்றுவிட்டால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். படத்தைச் சுற்றி ஆல்பத்தின் அட்டையையே வெட்டி எடுத்து உறையில் வைப்பது தோல்வியாகாது.

படங்கள் சிவந்ததற்கு உங்கள் பராமரிப்பு மட்டும் காரணமில்லை. அக்கால வண்ணப் படங்களில் இருட்டில் வைத்திருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் தேய்ந்துபோகும். எஞ்சுவது சிவப்பும் மஞ்சளுந்தான். ஸ்கேன் செய்த கோப்பில் நிறத்தைச் சரிசெய்து, ஸ்டுடியோவில் புகைப்படத் தாளிலேயே புது நகல் எடுத்து, அந்த நகலை நினைவேட்டில் ஒட்டுங்கள். மூலப்படங்கள் காகித உறையில் பீரோவில் இருக்கட்டும். மணக்கிற, வழவழப்பான பிவிசி உறை வேண்டாம்.

படத்தின் முகத்தில் எதையும் எழுதாதீர்கள். பின்பக்கமும் மிருதுவான பென்சிலால் அழுத்தாமல்தான் எழுத வேண்டும், பால்பாயின்ட் முனை முன்பக்கம் புடைத்துத் தெரியும். குறிப்புகளை மினுக்கமில்லாத தனிச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினால் உங்கள் மகளின் விரலுக்கும் ஆபத்தில்லை. செய்தித்தாள் நறுக்குகளை அப்படியே ஒட்டாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். அந்தத் தாளின் அமிலம் எதிர்ப்பக்கத்துப் படத்தையும் பழுப்பாக்கிவிடும். அட்சதையை ஒட்டிவைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அரிசி இருக்கும் இடத்துக்குப் பூச்சி விலாசம் விசாரித்துக்கொண்டு வராது.

கேட்பவர்: குடந்தை மகள்

மூவருக்கும் மிக்க நன்றி. நினைவேட்டை முப்பத்தாறு பக்கங்களுக்குக் குறைத்துவிட்டேன். சீட்டில் பெயர் எழுதும் எண்ணத்தையும் கைவிட்டேன். நூல் முறையில் பதினான்கு திருமணப் படங்களில் பதினொன்று சேதமில்லாமல் வந்துவிட்டன.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. அம்மாவின் கூறைப் புடவை மடிப்புகளில் இற்றுப்போய்விட்டதால், நல்ல பகுதியை நினைவேட்டின் மேலட்டைக்குப் போடச் சொல்லி அம்மாவே கொடுத்துவிட்டார். பசை பட்டால் பட்டு கறைபடுமா? இன்னொன்று, கறுப்புத்தாள் ஆல்பத்திலிருந்து அப்பாவின் குழந்தைப் படம் ஒன்றை ஸ்கேன் செய்வதற்காக மூலையிலிருந்து கழற்றியபோது, பின்பக்கம் தாத்தாவின் கையெழுத்தில் பென்சிலால், “பிலவங்க, ஆவணி. ஆண்டு நிறைவு. அசையாமல் உட்கார மூன்று வாழைப்பழம்” என்று எழுதியிருந்தது. அம்மாகூட இதைப் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் தெரியும்படி வைக்க முடியுமா?

பதில் 4: பசைக்கிண்ணம்

பட்டின் பின்பக்கம் மெல்லிய வெள்ளைத் தாளை முதலில் ஒட்டிக் காயவையுங்கள்; பசையைத் துணியில் தடவாமல் தாளில் தடவி, அது பிசுபிசுப்பு நிலைக்கு வந்த பிறகு பட்டை மேலே பரப்பினால் ஊறி வெளியே வராது. பிறகு அந்தத் தாளோடு சேர்த்துத்தான் அட்டைக்கு மேல் போர்த்த வேண்டும். ஜரிகையில் வெள்ளி இருந்தால் நாளடைவில் கறுக்கும், ஆகவே உள்ளே படங்களுக்கு எதிரில் வைக்காமல் வெளியட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படத்துக்கு அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு சாளரம் வெட்டுங்கள். இரண்டு அட்டைகளிலும் ஒரே இடத்தில் படத்தைவிட நாலு பக்கமும் 3 மி.மீ. சிறிய சாளரம், அவற்றுக்கு நடுவே படம், மூன்று ஓரம் மட்டும் ஒட்டு. மேல் ஓரத்தைத் திறந்துவிட்டால் வேண்டும்போது உருவி எடுக்கலாம். முன்னால் குழந்தை, பக்கத்தைத் திருப்பினால் தாத்தாவின் எழுத்து. மூலப்படத்தை வைக்க மனம் வராவிட்டால் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, நகல்களை முதுகோடு முதுகாக ஒட்டி வையுங்கள். ஆனால் பென்சில் எழுத்து மங்கலாக இருக்கும் என்பதால், பின்பக்கத்தை ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் வண்ணத்திலேயே எடுங்கள்.