டைபிரேக்கர் பயிற்சி: ஆராய்ச்சி நம்ம டீமுக்கு உதவுமா?

எல்லைக்கோச்: தூத்தூர்ல இருந்து பொழியூர் வரைக்கும் நம்ம கடற்கரை ஊர்கள்ல எத்தனையோ நல்ல ஃபுட்பால் டீம் டைபிரேக்கர்ல, அதாவது மேட்ச் சமமா முடிஞ்சா மாறி மாறி அடிக்கிற பெனால்டியில, வெளியே போகுது. உடனே 'பயலுவளுக்கு மனசு பத்தல'ன்னு ஒரு பேச்சாளரைக் கூப்பிடுறோம். பேச்சு வேண்டாம், பழக்கம் வேணும். கெய்ர் யோர்டெட், ஹார்ட்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2008ல வெளியிட்ட கணக்கைப் பாருங்க. பெரிய போட்டிகள்ல, போட்டா ஜெயிச்சிடலாம்ங்கிற பந்து 92 சதவீதம் கோல். விட்டா தோத்துடுவோம்ங்கிற பந்து 62தான். அதே 11 மீட்டர், அதே பந்து.

நெய்யாறு_8: அண்ணே, அந்த 62ஐ அப்படியே பயம்னு எடுத்துக்க முடியாது. நல்லா அடிக்கிறவனை முதல்லயே அனுப்பிடுறோம். விட்டா தோல்விங்கிற நிலை பெரும்பாலும் கடைசியில வர்ற டிஃபெண்டர் தலையிலதான் விழுது. அப்புறம், அது நடந்ததை எண்ணின கணக்கு. பயிற்சி கொடுத்துப் பார்த்ததில்ல. இதை வச்சு பத்து ஸ்டெப் சொல்லிக் கொடுத்தா, கால் எங்க வைக்கணும்னு யோசிச்சே பையன் விடுவான். மாஸ்டர்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் 1992ல கோல்ஃப் வச்சு காட்டினதே அதான்: விதி விதியா கத்துக்கிட்டவங்க நெருக்கடி வந்ததும் அப்படியே நின்னுட்டாங்க, விதி தெரியாம பழகினவங்க முன்னேறினாங்க.

எல்லைக்கோச்: ஆள் வரிசை பத்தி நீ சொன்னது சரி, தம்பி. ஆனா நான் கேக்கிறது மூணே மூணு. பந்தைத் தானே வைக்கணும். கோலியை (கோல்கீப்பரை) பாத்தபடியே பின்னால போகணும். விசில் கேட்டதும் பாயாம, ஒரு மூச்சை முழுசா விட்டுட்டு ஓடணும். கணுக்கால், இடுப்புன்னு ஒரு வார்த்தை பேசக் கூடாது. 'இடது சைடு நெட்'டுன்னு இடத்தை மட்டும் சொல்லணும்.

பயிற்சி முடியுற நேரம், களைச்ச பிறகு இதைச் செய்யுங்க. எல்லாரும் நடுவட்டத்துல நிக்க, ஒவ்வொருத்தனா தனியா 30, 40 மீட்டர் நடந்து வரணும். ஆளுக்கு ஒரே பந்து. வரிசையா இருபது அடிச்சா நாலாவது பந்துலயே காலுக்குக் கணக்குப் பிடிபட்டுடும். மேட்ச்ல அந்த முதல் மூணு பந்து கிடைக்காது. கோலுக்குப் பின்னால செண்டை மேளத்தோட நாலு பேரை நிறுத்துங்க.

கோலி_ஒண்ணு: கடல்மணல்ல மட்டும் அடிச்சா இதெல்லாம் வீண். மணல்ல ஊனுற கால் புதையும். பந்தைக் கிளப்ப உடம்பைப் பின்னால சாய்ப்பான். அதே அடியைக் கட்டாந்தரையில போட்டா பாருக்கு மேல போகும். அதுக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்ல. வாரத்துல ரெண்டு நாளாவது கிரவுண்டுல அடிக்கணும்.

கோலிக்கும் ஒண்ணு இருக்கு. பார்-எலிங்கிறவரோட ஆராய்ச்சிக் குழு 2007ல 286 பெனால்டியைப் பாத்துச்சு. சுமார் 94 சதவீதம் கோலி பாய்ஞ்சுட்டான். நடுவுல நின்னவன்தான் மூணுல ஒண்ணைப் பிடிச்சான்.

நெய்யாறு_8: 286ல நின்னது வெறும் 18 தடவை, பிடிச்சது 6. ஆறு பந்தை நம்பி ஒரு கோலியோட பழக்கத்தை மாத்தலாமா? நம்ம கரையில எல்லா டீமுக்கும் எல்லாரையும் தெரியும். இவன் நிப்பான்னு செமியில பாத்தவன் ஃபைனல்ல மூலையில போடுவான்.

கோலி_ஒண்ணு: சரி, அஞ்சுல ஒண்ணுக்கு நிக்கட்டும். எந்தப் பந்துன்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சுக்கணும். அங்க வந்து யோசிச்சா கால் தானா பாயும்.

நெய்யாறு_8: அதை ஒத்துக்கிறேன். அண்ணனோட மூணும் சரி. செண்டை மட்டும் முதல் ரெண்டு வாரம் வேண்டாம். மூச்சு பழகுறதுக்கு முன்னாடி சத்தம் வந்தா அவசரம்தான் பழகும். இன்னொண்ணையும் பயிற்சியிலயே சேருங்க: பந்தை விட்டவன் திரும்பி வர்ற நடை. மத்தவங்க நடுவட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாதுன்னு விதி இருக்கு. அதனால கேப்டன் வட்டத்தோட விளிம்புக்கு வந்து, அவன் தோள்ல கை போட்டு உள்ளே கூட்டிட்டுப் போகணும். அடுத்து அடிக்கப் போறவன் அதைப் பாத்துக்கிட்டு நிக்கிறான்.