தட்டில் இருப்பது கண்களா, மார்பகங்களா? புனிதையை அடையாளம் காண உதவுங்கள்

கான்வாஸில் தைல ஓவியம், 60க்கு 45 செ.மீ., கையொப்பம் இல்லை. இடுப்பளவில் ஓர் இளம்பெண். வலக்கையில் குருத்தோலை இருப்பதால் மறைசாட்சி (கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்) என்பது உறுதி. சிக்கல் இடக்கைத் தட்டில்தான்: உருண்டையாக இரண்டு பொருள்கள். அவற்றின் மேல் யாரோ பிற்பாடு பழுப்பு பூசி ரொட்டியாக்கிவிட்டார்கள்.

கண்களென்றால் கண்கள் பிடுங்கப்பட்டதாகச் சொல்லப்படும் புனித லூசியா, மார்பகங்களென்றால் மார்பு அறுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் புனித ஆகத்தா. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருப்பதால் ஆகத்தா என்றே தோன்றுகிறது (கூச்சப்பட்டு மறைக்கவும் அங்கேதானே காரணம்!). ஆனால் கழுத்தில் மெல்லிய சிவப்புக் கீறல் தெரிகிறது. தொண்டையில் குத்துக்காயம் லூசியாவுக்கு உரியது. லூசியாவின் விளக்கோ ஆகத்தாவின் கிடுக்கியோ இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. கிடுக்கியிலும் பல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது பற்களை இழந்து வதைபட்ட புனித அப்போலோனியா. தட்டை மட்டும் நம்பவும் முடியாது: இத்தாலிய ஓவியர் பிரான்செஸ்கோ தெல் கோஸா 1470களில் வரைந்த லூசியா, கண்களைப் பூக்காம்பில் மொட்டுகள்போலப் பிடித்திருக்கிறாள்.

புற ஊதா விளக்கில் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிர்கிறது. தட்டின் நடுவும் கழுத்துக் கீறலும் பிற்காலப் பூச்சுபோல ஒளிராமல் கறுப்புத் திட்டுகளாக நிற்கின்றன. அப்படியானால் கீறலும் பிற்காலத்ததுதானா?

கழுத்துக் காயத்தோடு ஆகத்தாவை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? மேற்பூச்சை நீக்கக் கரைப்பானைத் தொடுவதற்கு முன் அகச்சிவப்புப் படம் எடுத்தால் பலன் இருக்குமா? பழுப்பில் அகச்சிவப்பை விழுங்கும் கரிக்கறுப்பு கலந்திருந்தால் அடியில் உள்ளது தெரியாதே என்பதுதான் தயக்கம். சீரமைப்பு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.